யார் புறக்கணித்தது? சானி ஷாராக்கின் கிதாரும் ஒரு செயப்பாட்டுவினையும்

1

இலக்கணத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு வேறு போக்கிடம் கிடையாது. 'கதவை அடைத்தான்' என்று எழுதினால், எழுவாயைச் சொல்லாமல் விட்டாலும் வினையின் விகுதி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். 'கதவு அடைக்கப்பட்டது' என்று எழுதிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. அடைத்தது யார் என்று எவரும் கேட்கப்போவதில்லை; வாக்கியம் குறையில்லாமல் நிற்கும். அரசு அறிக்கைகளுக்குச் செயப்பாட்டுவினை இவ்வளவு பிடித்துப்போனது தற்செயல் அல்ல. 'துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது', 'குடிசைகள் அப்புறப்படுத்தப்பட்டன'. இதையெல்லாம் கட்டுடைத்துக் கேலி செய்கிற நாம், கலை பற்றி எழுத உட்கார்ந்தால் மட்டும் அதே வினையைக் கூசாமல் எடுத்துக்கொள்கிறோம்: 'புறக்கணிக்கப்பட்ட மேதை'.

யார் புறக்கணித்தது?

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வாழ்க்கையைப் படித்துப் பார்க்கலாம் என்பதுதான் இக்கட்டுரை. அமெரிக்கக் கறுப்பின கிதார் கலைஞர், இசையமைப்பாளர் சானி ஷாராக் (1940-1994). கட்டற்ற ஜாஸுக்குள் மின்கிதாரைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர். ஜாஸ் அகராதிகளில் அவருக்கு ஒரு பத்தி உண்டு. அந்தப் பத்தி பெரும்பாலும் இப்படி ஓடும்: அறுபதுகளில் வந்தார், எழுபதுகளின் நடுவில் காணாமல்போனார், எண்பதுகளில் மீட்கப்பட்டார், உரிய இடம் கிடைக்கும் முன் இறந்தார். நான்கு வினைகள். அவற்றில் 'மீட்கப்பட்டார்' என்பதன் எழுவாய்க்கு மட்டும் ஒரு பெயர் சொல்கிறார்கள். 'காணாமல்போனார்' என்பதை அவரே செய்துகொண்டதாக எழுதிவிட்டுப் போகிறார்கள். நம் விசாரணை இங்கிருந்து தொடங்குகிறது.

2

வாரன் ஹார்டிங் ஷாராக், 1940 ஆகஸ்ட் 27 அன்று நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரை ஊரான ஆஸினிங்கில் பிறந்தார். ஊரின் பழைய பெயர் சிங் சிங். அதே பெயரில் ஒரு சிறைச்சாலை அங்கே இருந்தது, இன்றும் இருக்கிறது. சிறையின் பெயர் ஊருக்கு ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று 1901இல் ஊர்ப்பெயரை மாற்றிக்கொண்டார்கள். 1953 ஜூனில் ரோசன்பெர்க் தம்பதியர் மின்நாற்காலியில் கொல்லப்பட்டது இந்தச் சிறையில்தான். அப்போது ஷாராக்குக்கு வயது பன்னிரண்டு. இதிலிருந்து அவருடைய இசைக்கு நேராக ஒரு கோடு இழுத்துவிடலாம்தான். நமக்கு அது கை வந்த கலை. ஆனால் பையன் அந்த வயதில் பாடிக்கொண்டிருந்தது டூ-வாப், தெருமுனையில் நாலு பேர் கூடி நின்று குரலால் பின்னுகிற காதல் பாட்டு. அவர் இசை தொடங்கியது குரலில், மூச்சில் என்பதை மட்டும் இப்போதைக்குக் குறித்துவைத்துக்கொள்வோம்.

1959இல் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' வெளிவந்தது. அதில் டெனர் சாக்ஸஃபோன் வாசித்த ஜான் கோல்ட்ரேனைக் கேட்டதும் ஷாராக்குக்கு வாழ்க்கையில் வேண்டியது என்ன என்று தெரிந்துவிட்டது. அது கிதார் அல்ல, சாக்ஸஃபோன். ஆனால் அவருக்கு ஆஸ்துமா. ஊத முடியாது. இருபதாவது வயதில் கிதாரை எடுத்தார். அது இரண்டாம் பட்சம், கிடைத்ததைக் கொண்டு சமாளிப்பது. கிதாரின் ஓசை தனக்குப் பிடிக்காது என்பதைப் பின்னாளில் பேட்டிகளில் அவர் மறைக்கவில்லை. தன்னை ஒரு சாக்ஸஃபோன்காரராகவே நினைத்துக்கொண்டார், கையில் இருப்பது தப்பான கருவி, அவ்வளவே. 1961இல் பாஸ்டனின் பெர்க்லி இசைப்பள்ளியில் சில மாதங்கள் இருந்தார். பிறகு வெளியேறினார்.

இங்கே கருவியின் இயங்குமுறையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சாக்ஸஃபோனில் ஒரு சுரம் மூச்சு உள்ளவரை நிற்கும். நின்றுகொண்டே பெருக்கும், கரகரக்கும், உடையும். கிதாரில் கம்பியை மீட்டிய அந்த நொடியிலிருந்து ஒலி செத்துக்கொண்டே போகிறது. ஜாஸ் கிதாரின் மரபு இந்தச் சாவை நாகரிகமாக ஏற்றுக்கொண்ட மரபு. வட்டமான, துல்லியமான, ஒன்றன்பின் ஒன்றாக அடங்கிப்போகும் சுரங்கள். ஷாராக்குக்கு அது ஒத்துவரவில்லை. அவருக்கு வேண்டியது கோல்ட்ரேனின் நெடுமூச்சு. ஆகவே கம்பிகளை மொத்தமாக, வெறித்தனமான வேகத்தில் அடித்து, ஒரு சுரம் சாகும் முன் அடுத்ததை அதன்மேல் ஏற்றினார். ஆம்ப்ளிஃபயரின் ஒலியளவைக் கூட்டி ஓசை தானே கிழிந்து நீளும்படி செய்தார். கம்பிகளின் மேல் சிறு குழலை வழுக்கவிட்டுச் சுரங்களுக்கு இடையே உள்ள இடுக்குகளில் அலறினார். கேட்டவர்கள் இரைச்சல் என்றார்கள். அது இரைச்சல்தான், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வாசிக்கத் தெரியாததால் வந்த இரைச்சல் அல்ல. மூச்சு மறுக்கப்பட்ட உடல் மூச்சுக்கு மாற்றாகக் கண்டுபிடித்த ஓர் உழைப்பு.

(பாருங்கள், 'மூச்சு மறுக்கப்பட்ட' என்று நானே எழுதிவிட்டேன். இந்த இடத்தில் மட்டும் எழுவாய் இல்லாமல் இருக்கட்டும். ஆஸ்துமாவுக்கு விகுதி போட முடியாது.)

3

1965இல் நியூயார்க் நகரத்துக்கு வந்தார். எந்த 1965? பிப்ரவரி 21 அன்று மால்கம் எக்ஸ் சுட்டுக் கொல்லப்பட்ட 1965. அந்தக் கொலைக்குப் பிறகு அமிரி பராகா (அப்போது அவர் பெயர் லீராய் ஜோன்ஸ்) வெள்ளையர்களின் கலைவட்டத்தை விட்டுவிட்டு ஹார்லெமுக்குப் போய் 'கறுப்புக் கலைகள் நாடகப்பள்ளி'யைத் தொடங்கிய 1965. அதற்கு நிதி திரட்ட மார்ச்சில் நடந்த கச்சேரியில் கோல்ட்ரேனே வாசித்தார். ஜூனில் அவர் 'அசென்ஷன்' பதிவுசெய்தார், பதினோரு பேர், நாற்பது நிமிடம், முன்கூட்டிய ஒழுங்கு மிகக் குறைவு. கறுப்பினத்தவரின் அரசியலும் புதிய இசையும் ஒரே மூச்சில் பேசப்பட்ட நேரம் அது. சீரான தாளத்தையும் சுரக்கட்டையும் உடைப்பது வெள்ளை அழகியலின் அதிகாரத்தை உடைப்பது என்று நம்பினார்கள். எளிமைப்படுத்தல்தான், ஆனாலும் வெறும் உருவகம் அல்ல. கச்சேரி அரங்கு யாருடையது, ஒலிநாடா யாருடையது, லாபம் யாருக்கு என்ற கேள்விகளும் அந்த உடைப்புக்குள் இருந்தன.

ஷாராக் முதலில் நைஜீரியத் தாளக் கலைஞர் பாபாதுண்டே ஓலாதுஞ்சியின் குழுவில் சேர்ந்தார். 1966 நவம்பரில் ஃபரோவா சாண்டர்ஸின் 'தவ்ஹீத்' தொகுப்புக்காக முதன்முறையாக ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போனார். சாண்டர்ஸ் அப்போது கோல்ட்ரேனின் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தவர். சாக்ஸஃபோன் அலறுகிற இடத்தில் கிதாரும் பக்கத்தில் நின்று அலறுகிறது. இரண்டில் எது எது என்று சில கணங்கள் பிடிபடாது. கட்டற்ற ஜாஸில் கிதாருக்கு அதுவரை பெரிய வேலை இருந்ததில்லை. ஒதுங்கி நின்ற கருவியை ஷாராக் உள்ளே இழுத்துவந்தார்.

இதுவரை எல்லாம் வீரகாவியம். இனிமேல்தான் சிக்கல்.

4

கட்டற்ற ஜாஸ் சோறு போடவில்லை. ஷாராக் சம்பளத்துக்குச் சேர்ந்தது புல்லாங்குழல்காரர் ஹெர்பி மானின் குழுவில். மான் ப்ரூக்ளினில் பிறந்த வெள்ளையர். போசா நோவா, லத்தீன், சோல் என்று எந்தக் காற்று அடிக்கிறதோ அந்தப் பக்கம் பாயை விரிக்கத் தெரிந்தவர். அறுபதுகளின் பிற்பகுதியிலிருந்து எழுபதுகளின் தொடக்கம்வரை ஷாராக்கின் சோறு அங்கேதான். காலை ஆட்டிக்கொண்டு கேட்க வந்த கூட்டத்தின் நடுவே, மான் கைகாட்டியதும் ஷாராக் தன் கிழிந்த ஓசையை அவிழ்த்துவிடுவார்.

1968இல் மெம்ஃபிஸ் நகரத்தின் ஒரு ஸ்டூடியோவில் மான் 'மெம்ஃபிஸ் அண்டர்கிரவுண்ட்' பதிவுசெய்தார். தாளம் பிடித்தவர்கள் அந்த ஸ்டூடியோவின் வாடிக்கையான வாத்தியக்காரர்கள். 1969இல் வெளிவந்து ஏராளமாக விற்றது. அதில் 'ஹோல்ட் ஆன், ஐயாம் கமின்' என்ற பாட்டு உண்டு. 1966இல் அதே மெம்ஃபிஸில் பிறந்த பிரபலமான சோல் பாட்டின் மறுவாசிப்பு. வழவழப்பாகப் போய்க்கொண்டிருக்கும் பாட்டுக்குள் ஷாராக் நுழைகிறார். சுரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, தகரத்தைக் கிழிப்பது போல் ஒரு ஓசை. பிறகு வெளியேறுகிறார், பாட்டு ஒன்றும் நடக்காதது போல் தொடர்கிறது.

1968, மெம்ஃபிஸ். துப்புரவுத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவு தெரிவிக்க வந்த மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட ஆண்டும் ஊரும் இவைதான். அந்த கிதார் தனி ஆவர்த்தனம் கிங்குக்கான அஞ்சலி என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் அந்த ஊரில் அந்த ஆண்டில் பதிவான ஒரு நடனப் பாட்டு முழுக்க முழுக்க வழவழப்பாக இருந்திருந்தால் அது பொய்யாக இருந்திருக்கும். பொய்யாகாமல் காப்பாற்றியது ஷாராக்கின் சில விநாடிகள். இதைத் தூய அவான்-கார்ட் வரலாற்றாசிரியர்கள் 'வணிகச் சமரசம்' என்று ஒதுக்குவார்கள். சமரசம்தான். ஆனால் அவருடைய கிதாரை மிகப் பெரும்பாலான காதுகள் கேட்டது இந்தச் சமரசத்துக்குள்தான். தனித் தொகுப்புகளை வாங்கியவர்கள் கைவிட்டு எண்ணக்கூடியவர்கள். பிழைப்புக்காகச் செய்த வேலையைக் கலைஞரின் வரலாற்றிலிருந்து வெட்டி எறிகிறவர் யார்? நம்மைப் போன்றவர்கள். முதல் எழுவாய் அகப்பட்டுவிட்டது.

5

1969இல் ஷாராக்கின் பெயரில் முதல் தொகுப்பு வந்தது: 'ப்ளாக் உமன்'. அட்லாண்டிக் நிறுவனத்தின் துணைநிறுவனமான வோர்டெக்ஸ் வெளியீடு. தயாரித்தது அதே ஹெர்பி மான். வணிகக் குழுவின் தலைவரே அவான்-கார்ட் தொகுப்புக்கும் கதவைத் திறந்தார் என்பதும் நம் எளிய இருமைகளுக்குள் அடங்காத விஷயம். மில்ஃபோர்ட் கிரேவ்ஸ் தாளம், டேவ் பரெல் பியானோ, நாரிஸ் ஜோன்ஸ் பாஸ். குரல், லிண்டா ஷாராக்.

லிண்டா ஃபிலடெல்ஃபியாவில் 1947இல் பிறந்தவர், அப்போது சானியின் மனைவி. அவர் இந்தத் தொகுப்பில் பாட்டுக்குச் சொற்களைப் பாடவில்லை. முனகுகிறார், விம்முகிறார், கூவுகிறார், தொண்டை கிழிய அலறுகிறார். ஒருசமயம் பிரசவ அறை போல் இருக்கிறது, இன்னொரு சமயம் தேவாலயம் போல் இருக்கிறது. தொகுப்பில் பிரான்ஸின் ஓவேர்ன் பகுதி மேய்ப்பர் பாடல் ஒன்றும் இருக்கிறது. ஐரோப்பிய இசையரங்குகளில் நளினமாகப் பாடப்படும் அந்த மெட்டை லிண்டாவின் தொண்டை வேறொன்றாக்கிவிடுகிறது.

இங்கே ஒரு விசித்திரம். சாக்ஸஃபோன் அலறினால் 'ஆன்மிகத் தேடல்' என்று எழுதினார்கள். கிதார் அலறினால் 'கருவியின் எல்லையை மீறல்'. ஒரு பெண்ணின் தொண்டை அலறினால் மட்டும் அது உத்தியாகப் படுவதில்லை, உணர்ச்சிவசப்படலாகவோ வினோதமாகவோ படுகிறது. தொகுப்பின் தலைப்பே 'கறுப்புப் பெண்'. அதில் கேட்கும் கறுப்புப் பெண்ணின் குரல் கிதாருக்குப் பக்கவாத்தியமாகக் குறிப்புகளில் சுருங்கிவிட்டது. ஆனால் காதை வைத்துக் கேளுங்கள். சானிக்கு ஊத முடியாமல்போன மூச்சு அந்தத் தொகுப்பில் லிண்டாவின் நெஞ்சுக்கூட்டிலிருந்து வருகிறது. கிதார் அந்த மூச்சைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது. தலைமைக் கருவி எது என்று முடிவுசெய்வது அட்டையில் எந்தப் பெயர் பெரிதாக இருக்கிறது என்பதா?

1970இல் இருவரும் பாரிசில் 'மங்கி-பாக்கி-பூ' பதிவுசெய்தார்கள். அதில் ஷாராக் கிதாரோடு ஒரு நழுவு விசிலையும் ஊதுகிறார். குழந்தைகள் வைத்து விளையாடுகிற, ஊதிக்கொண்டே தண்டை இழுத்தால் சுரம் ஏறி இறங்குகிற சின்னக் குழல். கோல்ட்ரேனின் சாக்ஸஃபோனுக்கு ஆசைப்பட்ட ஆஸ்துமாக்காரனுக்குக் கடைசியில் கிடைத்த ஊதுகருவி அதுதான். சிரிப்பு வருகிறது. கூடவே தொண்டையை அடைக்கவும் செய்கிறது.

6

1970 பிப்ரவரி 18. மைல்ஸ் டேவிஸின் ஒலிப்பதிவு அமர்வு ஒன்றுக்கு ஷாராக் அழைக்கப்பட்டார் (எழுவாய்: மைல்ஸ் டேவிஸ்). பதினோரு ஆண்டுகளுக்கு முன் எந்த மனிதரின் தொகுப்பைக் கேட்டு இசைக்கு வந்தாரோ அந்த மனிதரின் அறை. கூடவே இன்னொரு கிதார், ஜான் மெக்லாலின். அன்று பதிவானதிலிருந்து ஒரு துண்டு, முதல் கறுப்பின ஹெவிவெயிட் குத்துச்சண்டை உலக சாம்பியன் ஜாக் ஜான்சன் பற்றிய ஆவணப்படத்துக்கான இசையில் சேர்க்கப்பட்டது (எழுவாய்: தொகுப்பாளர் டியோ மாசெரோ). 1971இல் 'ஜாக் ஜான்சன்' என்று வெளிவந்த இசைத்தட்டின் இரண்டாம் பக்கம், 'எஸ்டர்நவ்', அதன் பிற்பகுதியில் ஷாராக்கின் கிதார் கேட்கிறது.

பெயர் இல்லை. இசைத்தட்டின் உறையில் வாசித்தவர்கள் பட்டியலில் ஷாராக் இல்லை. அந்த அமர்வில் வாசித்த வேறு சிலரும் இல்லை. சதி என்று சொல்ல மாட்டேன். பல நாட்களின் நாடாக்களை வெட்டி ஒட்டிய தொகுப்பு, முதன்மை அமர்வில் இருந்தவர்களின் பெயரை மட்டும் போட்டார்கள், அலட்சியம்தான். ஆனால் அலட்சியத்துக்கும் ஒரு முறை இருக்கிறது. அது எப்போதும் மேலிருந்து கீழாகவே பாய்கிறது. அந்த உறையில் மைல்ஸின் பெயர் விட்டுப்போக வாய்ப்பே இல்லை. முழு அமர்வுகளும் பெட்டித் தொகுப்பாக வெளிவந்து, யார் எங்கே வாசித்தார்கள் என்ற விவரம் முறையாக அச்சேறியது 2003இல். ஷாராக் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

வெள்ளைச் சமூகம் தன் பட்டத்தைப் பொறுத்துக்கொள்ளாத ஒரு கறுப்பு மனிதனைப் பற்றிய படம், அதற்கு இசைத்த இன்னொரு கறுப்பு மனிதனின் பெயர் முப்பத்திரண்டு ஆண்டுகள் அச்சிடப்படவில்லை. இரண்டாவது எழுவாய்க்கு முகவரி உண்டு, கணக்குப் புத்தகம் உண்டு.

7

1975இல் சானியும் லிண்டாவும் 'பாரடைஸ்' தொகுப்பை வெளியிட்டார்கள். 1978இல் இருவரும் பிரிந்தார்கள். 1981 வரையிலான இந்த ஆறு ஆண்டுகளைத்தான் அகராதிகள் 'காணாமல்போனார்', 'அரை ஓய்வு', 'மௌனம்' என்று எழுதுகின்றன.

அவர் எங்கும் காணாமல்போகவில்லை. கார் ஓட்டிக்கொண்டிருந்தார். யாரோ ஒருவரின் காரை, கூலிக்கு. அதுபோக, மனநலச் சிக்கல்கள் உள்ள குழந்தைகளைப் பராமரிக்கும் வேலை செய்தார். மௌனம் என்ற சொல்லுக்குள் இந்த இரண்டு வேலைகளும் மூடப்பட்டுக் கிடக்கின்றன. ஓட்டுநரின் உழைப்பும் பராமரிப்பவரின் உழைப்பும் கலை வரலாற்றில் 'இடைவெளி'யாகவே பதிவாகும். தன் கவிதை வாழ்வில் பத்து வருடம் எழுதாமலிருந்த கவிஞரைப் பற்றி 'படைப்பு மௌனம்' என்று உருகி எழுதுவோம். அந்தப் பத்து வருடமும் அவர் எந்த அலுவலகத்தில் என்ன கோப்பு புரட்டினார், வீட்டில் யாருடைய மருந்துச் செலவு என்று கேட்க மாட்டோம். ஷாராக் வீட்டில் தனியாக கிதார் வாசித்துக்கொண்டுதான் இருந்திருப்பார். கேட்க ஆளும் கூலியும் இல்லை என்பதற்குப் பெயர் மௌனமா?

ஓர் ஒப்பீடு. 'ப்ளாக் உமன்' தொகுப்பில் தாளம் வாசித்த மில்ஃபோர்ட் கிரேவ்ஸ் 1973இல் வெர்மான்ட் மாநிலத்தின் பெனிங்டன் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்தார். 2012வரை, ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள், அங்கே இருந்தார். அவருடைய இசை ஷாராக்கினுடையதைவிட ஒரு துளியும் குறைவாகச் சந்தைக்கு எதிரானதல்ல. ஆனால் கிரேவ்ஸைப் பற்றி 'காணாமல்போனார்' என்று எழுதுகிறவர்கள் குறைவு. ஒருவருக்கு மாதச் சம்பளம் இருந்தது, மற்றவருக்குக் காரின் ஸ்டியரிங். அவான்-கார்ட் என்பதை அழகியல் வகையாக மட்டும் பேசுகிறவர்கள் இந்த வேறுபாட்டை எங்கே வைப்பார்கள் என்று தெரியவில்லை.

கறுப்பின இசைக்கலைஞர்களுக்கு இது தெரியாமல் இல்லை. 1964இல் நியூயார்க்கில் பில் டிக்ஸன் முன்னின்று ஜாஸ் இசையமைப்பாளர் சங்கம் ஒன்று கட்டினார். கலைஞர்களே தங்கள் விலையைப் பேசுவது நோக்கம். வெகுவிரைவில் உடைந்தது. 1965இல் சிகாகோவில் முகல் ரிச்சர்ட் ஏப்ரம்ஸும் தோழர்களும் தொடங்கிய சங்கம் தாங்களே கச்சேரி நடத்தி, தாங்களே இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்து அறுபது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. 1966இல் கிரேவ்ஸும் டான் புல்லனும் தங்கள் கச்சேரியைத் தாங்களே தட்டாக அச்சிட்டு விற்றார்கள். 'எங்களைப் புறக்கணிக்கிறார்கள்' என்று எழுவாயோடு சொல்லத் தெரிந்தவர்கள் இவர்கள். ஷாராக் இப்படி எந்தக் கூரையின் கீழும் நிலையாக நிற்கவில்லை. தனி ஆளாக இருந்தார். தனி ஆளின் கதையைத்தான் நாம் 'மேதை' என்ற சொல்லால் மினுக்குகிறோம். சங்கம் வைத்தவனை மேதை என்று சொல்ல நமக்கு நாக்கு புரள்வதில்லை.

8

'மீட்கப்பட்டார்' என்ற வினைக்கு வருவோம். எழுவாய் பாஸ் கிதார்காரரும் தயாரிப்பாளருமான பில் லாஸ்வெல். 1981இல் தன் 'மெட்டீரியல்' குழுவின் 'மெமரி செர்வ்ஸ்' தொகுப்புக்கு ஷாராக்கை அழைத்தார். 1986இல் ஜெர்மானிய சாக்ஸஃபோன்காரர் பீட்டர் ப்ரோட்ஸ்மான், தாளக்காரர் ரொனால்ட் ஷானன் ஜாக்சன் ஆகியோரோடு 'லாஸ்ட் எக்ஸிட்' என்ற நால்வர் குழு. ஒத்திகை கிடையாது, மேடையில் ஏறி நேராக மோதல். அதே ஆண்டு ஷாராக்கின் தனித் தொகுப்பு, பெயர் வெறுமனே 'கிதார்'. வேறு எந்தக் கருவியும் இல்லை, தன் கிதாரின் மேல் தன் கிதாரையே ஏற்றிப் பதிவுசெய்தது.

லாஸ்வெல் செய்த உதவியைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 'கண்டெடுத்தல்' என்ற கதையாடலைக் கொஞ்சம் சந்தேகிக்க வேண்டும். கொலம்பஸ் கண்டுபிடித்த இடத்தில் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். 'கிதார்' தொகுப்பின் முதல் பாட்டு, 'ப்ளாக் உமன்' தொகுப்பில் ஷாராக் தனியாக வாசித்த அதே 'ப்ளைண்ட் வில்லி'. பதினேழு வருடம் கழித்துத் தான் நிறுத்திய இடத்திலிருந்து அவரே தொடங்குகிறார். இடையில் நின்றது இசை அல்ல, ஒலிப்பதிவு இயந்திரம்.

1991இல் 'ஆஸ்க் தி ஏஜஸ்'. எல்லாப் பாடல்களும் ஷாராக்கின் இசையமைப்பு. சாக்ஸஃபோன், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அவரை முதல் ஒலிப்பதிவுக்கு அழைத்துப்போன ஃபரோவா சாண்டர்ஸ். தாளம், கோல்ட்ரேனின் புகழ்பெற்ற நால்வர் குழுவின் எல்வின் ஜோன்ஸ். பாஸ், 1967இல், அதாவது கோல்ட்ரேன் இறந்த ஆண்டில், பிறந்த சார்னெட் மாஃபெட். தொகுப்பில் ஒரு பாட்டின் பெயர் 'லிட்டில் ராக்'. 1957இல் ஒன்பது கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் நுழைய ராணுவக் காவல் தேவைப்பட்ட ஊரின் பெயர் அது, அமெரிக்கக் கறுப்பினத்தவர் எவர் காதிலும் வெறும் ஊர்ப்பெயராக விழாது.

இந்தத் தொகுப்பைக் கேட்கிறவர்கள் ஆச்சரியப்படுவது அதன் இனிமையைக் கண்டுதான். மெட்டுகள் உண்டு, மனசில் தங்குகிற, பின்னால் நாமே முணுமுணுக்கிற மெட்டுகள். அலறல் மெட்டை அழிக்க வரவில்லை. மெட்டு நிரம்பி வழிகிற இடத்தில் அலறலாகிறது. டூ-வாப் பாடிய பையன் ஐம்பது வயதில் கிதாரில் பாடுகிறார். சாண்டர்ஸின் சாக்ஸஃபோனோடு ஒரே மெட்டில் சேர்ந்து போகும்போது ஊத முடியாதவர் ஊதிக்கொண்டிருக்கிறார். இரைச்சலுக்கும் இசைக்கும் நடுவே கோடு கிழித்து, இரைச்சல் பக்கம் நின்றால் புரட்சி என்று நினைக்கிறவர்களுக்கு (நானும் அப்படி நினைத்தவன்தான்) இந்தத் தொகுப்பு ஒரு பாடம்.

9

அமெரிக்கத் தொலைக்காட்சியின் 'ஸ்பேஸ் கோஸ்ட் கோஸ்ட் டு கோஸ்ட்' என்ற கேலிச்சித்திர நிகழ்ச்சிக்கு ஷாராக் இசையமைத்தார். 1994 ஏப்ரலில் ஒளிபரப்பு தொடங்கியது. பெரிய நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தமாகும் கட்டத்தில் இருந்தார். மே மாத இறுதியில், பிறந்த ஊரான ஆஸினிங்கிலேயே மாரடைப்பில் இறந்தார். வயது 53. யாரென்று தெரியாமலேயே அவருடைய கிதாரை வாராவாரம் கேட்டு வளர்ந்தது ஒரு தலைமுறைத் தொலைக்காட்சிப் பிள்ளைகள். 'அவருடைய இசை மக்களுக்குப் புரியாது' என்று சொன்னவர்கள் முகத்தில் இதைவிடச் சரியாகக் கரி பூச முடியாது.

லிண்டா ஷாராக்கின் கதை அங்கே முடியவில்லை. ஆஸ்திரியாவின் வியன்னாவில் நெடுங்காலம் பாடினார். 2009இல் பக்கவாதம் வந்தது, பேச்சு போயிற்று. சில ஆண்டுகளில் மேடைக்குத் திரும்பினார், சொற்கள் இல்லாமல். 2014இல் 'நோ இஸ் நோ' தொகுப்பு வெளிவந்தது. சொல்லில்லாத குரல் முழு மொழியாக முடியும் என்று 1969இல் அவர் நிறுவியதை, சொல்லே பறிபோன பிறகு தன் உடலைக் கொண்டு மறுபடி நிறுவினார். சானியைப் பற்றிய கட்டுரைகளில் லிண்டா ஒரு அடைமொழியாக, 'மனைவி'யாக, வந்து போவதை இனியாவது நிறுத்த வேண்டும். இக்கட்டுரையும் அவரைக் கடைசிப் பகுதிக்குத்தான் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த எழுவாய் நான்.

சரி, கணக்கை முடிப்போம். சானி ஷாராக்கைப் புறக்கணித்தது யார்? அவருடைய கிதாரை விற்றுவிட்டுப் பெயரை அச்சிடாத நிறுவனம். பெண்ணின் அலறலைக் கலையாகக் கணக்கில் எடுக்காத விமர்சகர்கள். சோற்றுக்காக வாசித்ததைக் கறை என்று ஒதுக்கிய தூய்மைவாதிகள். கார் ஓட்டியதை மௌனம் என்று எழுதிய வரலாற்றாசிரியர்கள். இறந்த பிறகு 'புறக்கணிக்கப்பட்ட மேதை' என்று ஒரு சொற்றொடரைக் கட்டி, அதன் எழுவாயை விழுங்கிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொள்கிற நாம்.

நம் சிறுபத்திரிகைகளில் அஞ்சலிக் கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. அடுத்த முறை ஒன்றை எழுத உட்காரும்போது ஒரே ஒரு காரியம் செய்தால் போதும். 'புறக்கணிக்கப்பட்டார்' என்று கை எழுதியதும் நிறுத்தி, அதைச் செய்வினையாக மாற்றி எழுதிப் பார்க்க வேண்டும். விகுதி யாரைக் காட்டுகிறது என்று தெரிந்துவிடும். 'புறக்கணித்தோம்' என்று வந்தாலும் வரும்.